செல்வராணியின் கார்டில் நான் எழுதிய வரி

மருத்துவிச்சிப் பயிற்சி முடித்துத் தோட்டங்களுக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். முப்பத்தொரு வருஷம் தோட்ட மருத்துவிச்சியாக மலை ஏறி இறங்கியதில் எனக்கு மிஞ்சியது தேய்ந்துபோன இரண்டு முழங்கால்களும் ஒரு பழைய டோர்ச் லைட்டும்தான். அனுபவம் என்று என்னத்தை எழுதுவது என்று இரண்டு வாரம் யோசித்தேன். நல்லபடியாக நடந்த பிரசவங்களில் ஒன்றுகூட முகத்தோடு ஞாபகத்துக்கு வரவில்லை. தப்பாகப் போனவை மட்டும் நேற்று நடந்ததுபோல நிற்கின்றன. அதில் ஒன்றை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு என்மேல் உள்ள மரியாதை குறைந்தால் குறையட்டும், எனக்குப் பென்ஷன் வந்துவிட்டது.

இரத்தச்சோகையைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. என்னைவிட நீங்கள் நன்றாகப் படித்திருக்கிறீர்கள். ஆனால் லயத்து வரிசை வீடொன்றின் வாசலில் நின்றுகொண்டு, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் விறகுமாக நிற்கிற ஒருத்திக்கு ஹீமோகுளோபினை விளக்கும்போது உங்கள் படிப்பு உதவாது. நான் எப்போதும் உதாரணத்துக்குக் கொழுந்துக் கூடையைத்தான் இழுத்தேன். "நீங்க கொழுந்து சுமக்குற மாதிரி, ரத்தத்துல சிவப்பணுன்னு ஒன்னு மூச்சுக் காத்தச் சுமந்துகிட்டுப் போயி ஒடம்பு பூரா எறக்குது. அந்தக் கூடையப் பின்னுறதுக்கு இரும்புச்சத்து வேணும். இரும்பு கொறஞ்சா கூடை சின்னதாப் போயிரும், வெளுத்துப் போயிரும். காத்து பத்தாம ஒங்களுக்கு மூச்சு வாங்குது, வயித்துல இருக்குற புள்ளைக்கும் பத்தாது" என்பேன்.

ஒருமுறை இப்படிச் சொன்னபோது ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். "கூடை எல்லாம் எப்பவோ போயிருச்சே மிஸி. இப்ப சாக்குலதானே கட்டுறோம். ஒங்க சிவப்பணுவுக்கும் ஒரு சாக்கு குடுத்துப் பாருங்களேன்."

அவள்தான் செல்வராணி. எங்கள் பக்கம் தாதிமாரையும் மருத்துவிச்சியையும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லோரும் பயந்து பயந்து கூப்பிட்ட அந்தச் சொல்லை அவள் மட்டும் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள். மூன்றாவது பிள்ளைக்கு உண்டாகியிருந்தாள். கணவன் குருவிட்ட பக்கம் மாணிக்கக் குழியில் வேலை, கிழமைக்கு ஒருமுறை வருவான். இவள் ஐந்தாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்தாள். முதல் கிளினிக்கிலேயே கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், உள்ளே சிவப்பே இல்லை. ஹீமோகுளோபின் ஒன்பதுக்குச் சற்றுக் கீழே இருந்தது.

அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் கர்ப்பிணிகளில் அநேகம் பேர் இப்படித்தான். நான் மாதத்துக்கு ஒரு பொட்டலம் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்துக்கொண்டே இருந்தேன். யாருக்கும் அளவு ஏறவில்லை. ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் மழை விட்டபின் மேல் லயத்துச் சாக்கடைக் கானில் தண்ணீர் வடிந்ததும், அடியில் என் குளிசைகள் ஊறிப்போய்க் கிடந்தன. சாப்பிட்டால் வயிறு இறுகுகிறது, குமட்டுகிறது, கருப்பாகப் போகிறது, பிள்ளை பெரிதாகி வயிற்றை அறுக்க வேண்டி வரும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அரசாங்கம் சும்மா தருகிற மருந்தைக் கானில் போடுகிறார்களே என்று வீட்டில் வந்து பாத்திரங்களை உடைக்காத குறை.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. இனிப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொடுக்கவே கூடாது. பத்து மணிக்குக் கொழுந்து நிறுக்க எல்லோரும் மடுவக் கொட்டகைக்கு வருவார்கள் அல்லவா, அங்கேயே வைத்து ஒவ்வொருத்தியையும் என் கண் முன்னால் விழுங்க வைப்பது. நான் வர முடியாத நாளில் கங்காணி பார்த்துக்கொள்வார். மலை அடிவாரத்துத் தண்ணீரில் குளிசை இறங்க மாட்டேன் என்கிறது, வாந்தி வருகிறது என்று முதல் நாளே சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அதற்கும் வழி இருந்தது. பத்து மணிக்கு வாளியில் தேத்தண்ணி வரும், நல்ல சாயமாக, சீனி போட்டு, கொதிக்கக் கொதிக்க. "அத ஊத்தி முழுங்குங்க" என்றேன். சுலபமாக இறங்கிவிட்டது. சில நாட்கள் நானே குவளையில் ஊற்றிக் கொடுத்தேன்.

தோட்டத்துத் துரைக்கு என் ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. மேலிடத்திலிருந்து வந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஒரு கையில் குளிசை, மறு கையில் தேத்தண்ணிக் குவளையோடு பெண்கள் வரிசையாக நிற்க, நடுவில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் போட்டோ என் மேசை டிராயரில் இன்னும் கிடக்கிறது. கிழித்துப் போடலாம் என்று எடுப்பேன், பிறகு இருக்கட்டும் என்று வைத்துவிடுவேன்.

இந்த இடத்தில் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தருகிற விஷயம்தானே என்று நினைப்பீர்கள். எனக்கும் சொல்லித் தந்தார்கள். தேநீருடன் கொடுக்கக் கூடாது என்று என் கையெழுத்திலேயே என் பயிற்சிக் கொப்பியில் இருக்கிறது, அடிக்கோடு போட்டு. ஆனால் நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். விடிந்ததும் தேத்தண்ணி, மலைக்குப் போகும்போது போத்தலில் தேத்தண்ணி, காய்ச்சலுக்கும் தேத்தண்ணி, சாவு வீட்டிலும் தேத்தண்ணி. தண்ணீர் குடி என்று யாராவது சொன்னால் எங்கள் ஆட்களுக்கு அது தேத்தண்ணிதான். அடிக்கோடு போட்ட அந்த வரி எங்கேயோ பட்டணத்தில் பீங்கான் கோப்பையில் குடிக்கிறவர்களுக்குச் சொன்னதாகவே எனக்குப் பட்டிருக்க வேண்டும். மடுவத்து வாளியில் இருந்தது தேநீர் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று மாதம் போனது. இரத்தம் சோதித்துப் பார்த்தால் ஓரிருவருக்கு மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. மற்றவர்களுக்கு நின்ற இடத்திலேயே நின்றது. செல்வராணிக்கு இறங்கியிருந்தது. ஏழுக்கு வந்துவிட்டது. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

என் ஏற்பாட்டில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. போட்டோ எல்லாம் எடுத்தாகிவிட்டதே. தப்பு அவளிடம்தான் இருக்க வேண்டும். நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு பிறகு துப்புகிறாள் என்று முடிவு கட்டினேன். மற்றவர்களைவிட வாயாடி என்பதால் அவள்மேல் சந்தேகம் வருவதும் எளிதாக இருந்தது.

அடுத்த நாள் மடுவத்தில் அவள் குளிசையைப் போட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்ததும் கூப்பிட்டேன்.

"வாயத் தொற."

"என்னங்க மிஸி?"

"வாயத் தொறங்குறேன். நாக்கத் தூக்கு."

எல்லோரும் நிறுவையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். நான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். விரலைப் போட்டு உள் கன்னத்தையும் தடவினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுகூட எனக்குச் சாட்சியாகப் படவில்லை, இன்றைக்குக் கெட்டிக்காரத்தனமாக விழுங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"நீங்க பாக்கத்தானே மிஸி தெனமும் முழுங்குறேன்" என்றாள். அந்த ஒரு நாள் அவள் குரலில் கேலி இல்லை.

"அப்ப ரத்தம் எங்க போச்சு? நா வந்து குடிச்சேனா?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று பின்னேரம் அவளுடைய கிளினிக் கார்டை எடுத்து எழுதினேன். "குளிசை எடுப்பதில்லை. எடுப்பதாகப் பொய் சொல்கிறார்." சிங்களத்தில் எழுதினேன். ஆஸ்பத்திரியில் கார்டைப் படிக்கிறவர்கள் அநேகம் சிங்களவர்கள் என்பது ஒரு காரணம். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது இன்னொரு காரணம், அதுதான் உண்மையான காரணம். கார்டை அவள் கையிலேயே கொடுத்து அனுப்பினேன்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். எட்டாம் மாதத்தில் அளவு இறங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இது எனக்குத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அனுப்பவில்லை. அனுப்பினால் உங்கள் புதுத் திட்டம் என்னவாயிற்று மிஸி என்று கேட்பார்களே என்ற வெட்கம் ஒரு பக்கம். ஒழுங்காக விழுங்கினால் தானாக ஏறிவிடும், இன்னும் இரண்டு கிழமை பார்ப்போம் என்ற பிடிவாதம் மறுபக்கம். பொய் சொல்கிறாள் என்று ஒருத்தியைப் பற்றி முடிவு கட்டிவிட்டால் பிறகு அவள் உடம்பு சொல்வதும் நம் காதில் விழாது.

இரண்டு கிழமை முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை, பத்து மணி நிறுவை முடிகிற நேரம், நல்ல மழை. செல்வராணி மடுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னது. போய்ப் பார்த்தேன். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. நாடி பிடித்தால் எண்ண முடியாத வேகம். நாலு சொல் பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. இடையில் முகத்தைச் சுருக்கிக்கொண்டு இடுப்பைப் பிடித்தாள். வயிற்றில் கை வைத்தேன், இறுகி விட்டது. நாள் ஆகாமலே வலி வந்துவிட்டது.

கங்காணி அனுபவசாலி. "மூணாவது புள்ள மிஸி. ஒரு மணித்தியாலத்துல வந்துரும். கீழ ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு, வண்டி போகாது. பிரசவ ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி இங்கயே பாத்துருங்க. நீங்க பாக்காத பிரசவமா?" என்றார். சுற்றி நின்ற பெண்களும் அதையே சொன்னார்கள். வழியில் பிறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு யாரும் வந்து விடை சொல்ல மாட்டார்கள். பிள்ளையை எடுக்க என்னால் முடியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பயம் பிள்ளை பிறந்தபின் வருகிற இரத்தத்தைப் பற்றியது. எல்லாப் பிரசவத்திலும் கொஞ்சம் போகும், மற்றப் பெண்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். இவளிடம் இருந்ததே கொஞ்சம். எனக்கு நன்றாகப் பிரசவம் பார்க்கத் தெரியும் என்பதற்காக அவளை இங்கே வைத்துக்கொள்வதா? பெருமைக்கு ஒருமுறை இடம் கொடுத்துத்தான் இங்கே வந்து நிற்கிறோம் என்று அரைகுறையாகப் புரியத் தொடங்கியிருந்தது. வழியில் பிறந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பிறக்கட்டும் என்று முடிவெடுத்தேன்.

"லொறியக் கொண்டாங்க" என்றேன். கொழுந்து லொறியில் பாதி ஏற்றியிருந்த சாக்குகளை மழையிலேயே இறக்கிப் போட்டார்கள். மண் சரிந்த இடம் வரைக்கும் லொறி போனது. அதற்கப்பால், கொழுந்து கொட்டுகிற சாக்குப் படங்கில் அவளைப் படுக்க வைத்து, நாலு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, முழங்கால் அளவு சேற்றில் இறங்கித் தூக்கிப் போனோம். நான் பக்கத்தில் நடந்துகொண்டே அவள் கையைப் பிடித்திருந்தேன். கை ஐஸ் மாதிரி இருந்தது. அடுத்த பக்கத்தில் கங்காணி போன் பண்ணி வரவழைத்த ஆட்டோ நின்றது.

ஆட்டோவில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். "மிஸி" என்றாள்.

"பேசாத. மூச்ச விடு."

"இன்னைக்கும் முழுங்கிட்டேன் மிஸி" என்றாள்.

அவள் சாகப்போகிற நேரத்தில் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று முதல்முறையாக அப்போதுதான் யோசித்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு ஏற்றியதும் ஒரு தாதி கார்டைப் பிரித்துப் படித்தாள். நான் எழுதியது அவள் கண்ணில் பட்டது. "குளிசை தந்தால் சாப்பிட முடியாதா உங்களுக்கு? இப்போது பாருங்கள்" என்று சிங்களத்தில் ஏசினாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை, கார்டில் இருந்ததை நம்பினாள். செல்வராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

இரத்தம் பொருத்திப் பார்க்கச் சாம்பிளை ஆய்வுகூடத்துக்கு உடனே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆள் வரக் காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை, நானே கொண்டுபோனேன். அங்கே இருந்தவள் என் வயதில் பாதிகூட இல்லாத ஒரு சிங்களப் பிள்ளை. பெயரைக் கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை, பிறகு கேட்கப் போனபோது மாற்றலாகிப் போயிருந்தாள். இரத்தப் பையைத் தயார்செய்து வார்டுக்கு அனுப்பிவிட்டு, செல்வராணியின் சாம்பிளில் ஒரு துளியைக் கண்ணாடியில் தடவிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். நான் வாசலில் சேறு வழிய வழிய நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கே, இங்கே வந்து பாருங்கள்" என்றாள். சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம், நான் தமிழில் எழுதுகிறேன்.

குனிந்து பார்த்தேன். முப்பது வருஷமாகக் கூடை கூடை என்று நான் கதை சொன்ன சிவப்பணுக்களை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். சின்னதும் பெரிதுமாக, ஓரத்தில் மட்டும் மெல்லிய ஒரு வளையம், நடுவெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. அதைச் சுமந்துகொண்டுதான் அவள் இன்று காலை வரைக்கும் மலை ஏறியிருக்கிறாள்.

"இரும்பு போய்ச் சேரவே இல்லை. குளிசை எடுக்கவில்லையா?" என்று கேட்டாள்.

"எடுக்கிறேன் என்கிறாள். என் முன்னால்தான் விழுங்குகிறாள்."

"எதோடு விழுங்குகிறாள்?"

"பிளேன்டீயோடு" என்றேன். சொல்லி முடித்ததும் என் காதில் அது விழுந்தது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "எவ்வளவு நாளாக?" என்று மட்டும் கேட்டாள்.

"மூன்று மாதம். எல்லோருக்கும். நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்."

தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடல் எடுத்துக்கொள்ள விடாது என்று, எனக்குத் தெரிந்ததையே எனக்கு ஞாபகப்படுத்துவதுபோல மெதுவாகச் சொன்னாள். தேயிலை ஒன்றையே குற்றம் சொல்ல முடியாது, பூச்சி மருந்தும் கொடுக்க வேண்டும், சாப்பாட்டையும் பார்க்க வேண்டும், பரம்பரையாகவே சிவப்பணு சிறுத்துப் போகிறவர்களும் உண்டு, அளவு ஏறாவிட்டால் அனுப்புங்கள், நாங்கள் சோதிக்கிறோம் என்றாள். கடைசியில், "அந்த அம்மா பொய் சொல்லவில்லை அக்கே" என்றாள். கார்டை அவள் பார்த்திருக்கவில்லை. எதற்காக அதைச் சொன்னாள் என்று தெரியாது. என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ.

நான் வார்டுக்குத் திரும்பும் வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. இரண்டு கிலோவுக்கும் குறைவான ஒரு பெண் குழந்தை, குரல் மட்டும் தாயைப்போல. பயந்தபடியே இரத்தம் போனது. அதிகமில்லை, வேறொருத்தியாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டோம். இவளுக்கு அதற்கே கண் செருகிவிட்டது. ஒரு பை ஏறிக்கொண்டிருந்தது, இரண்டாவது பையும் ஏற்றினார்கள். பின்னேரம் நாலு மணி போலக் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். நான் ஈர உடுப்போடு வார்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அந்த வயதில் அப்படி அழுவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். தலையணையில் சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்பதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கட்டிலருகே போனதும் எல்லாம் மறந்து போனது.

"ஒம்மேல தப்பு இல்ல செல்வராணி. தேத்தண்ணியோட குடுத்தா அது ஒடம்புல சேராதாம். நாந்தான் குடுத்தேன்" என்றேன்.

அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அப்ப கார்டுல எழுதுனத அழிச்சிருவீங்களா மிஸி?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. "எது?"

"பொய் சொல்றேன்னு எழுதியிருக்கீங்கல்ல. இந்தக் கார்டு புள்ள கார்டோட சேந்து வரும். வளந்து அது படிச்சா நல்லாருக்காது."

"ஒனக்கு யாரு படிச்சுச் சொன்னா?"

"நா சிங்கள இஸ்கூல்லதானே எட்டு வரைக்கும் படிச்சேன் மிஸி. நம்ம தோட்டத்துக்குப் பக்கத்துல வேற எது இருந்துச்சு?" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். "அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியிலயே படிச்சிட்டேன்."

படித்துவிட்டாள். படித்துவிட்டு, அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மடுவத்துக்கு வந்து, என் கையால் தேத்தண்ணி வாங்கி, குளிசையை விழுங்கியிருக்கிறாள். அதற்கடுத்த நாளும். பன்னிரண்டு நாள். துப்பிவிட்டுப் போயிருந்தாலாவது நியாயம் என்று எனக்குப் பட்டது. ஏன் விழுங்கினாய் என்று கேட்டேன்.

"புள்ளைக்கு நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

கார்டில் எழுதியதை அழிக்கக் கூடாது என்பது விதி, உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். நான் அழிக்கவில்லை. அந்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்து, கீழே எழுதினேன். "குளிசையைத் தவறாமல் எடுத்தார். தேநீருடன் கொடுத்தது என் பிழை." அவள் முன்னாலேயே கையெழுத்தும் திகதியும் போட்டேன். சிங்களத்திலும் எழுதினேன், தமிழிலும் எழுதினேன். அவள் இரண்டையும் வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை மடுவத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். செல்வராணி பொய் சொல்லவில்லை, நான்தான் தவறு செய்தேன், இனிக் குளிசைக்கு ஆறவைத்த தண்ணீர், முடிந்தால் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்த புளி, தேத்தண்ணி இரண்டு மணித்தியாலம் தள்ளி என்று. யாராவது கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் கோபப்படவில்லை. கங்காணி மட்டும், "தேயிலைய நாமதான் பறிக்கிறோம், அது நம்மளயே பறிக்குதா" என்று முனகிவிட்டு நிறுவைக்குத் திரும்பினார். அளவுகள் மெல்ல மெல்ல ஏறின. எல்லோருக்கும் இல்லை. ஏறாதவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், வெட்கப்படாமல்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மருந்து வேலை செய்யாவிட்டால் நோயாளியைச் சந்தேகிப்பதற்கு முன் உங்களைச் சந்தேகியுங்கள் என்று எழுதினால் அழகாக இருக்கும். எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது, செய்யத்தான் வரவில்லை. களைத்துப்போன ஒருத்திக்கு அடுத்தவள்மேல் பழி போடுவது எவ்வளவு சுகமாக இருக்கும் என்பது மலை ஏறி இறங்கித் திரும்பும் ஒரு நாளில் உங்களுக்குத் தெரியவரும். அன்றைக்குக் கார்டில் எழுதப் பேனாவை எடுக்கும்போது என் ஞாபகம் வந்தால் போதும்.

பிரசவ லீவு முடிந்து செல்வராணி மலைக்குத் திரும்பினாள். பிள்ளையை, ஆயா பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வருவாள். பால் கொடுக்கிற தாய்மாருக்கும் குளிசை உண்டல்லவா. முதல் நாள் மடுவத்தில் அவளுக்குக் குளிசையும் தண்ணீரும் கொடுத்தேன். விழுங்கினாள். குவளையைத் திருப்பித் தந்தாள். பிறகு நான் கேட்காமலே, என் முன்னால் நின்று வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"வேணாம் செல்வராணி" என்றேன். "நா கேக்கலியே."

"இருக்கட்டும் மிஸி. பாத்துக்கோங்க" என்றாள்.

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும், வேலை நாள் ஒவ்வொன்றிலும், அவள் விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு நாளும் நான் பார்த்தேன்.